தோன்றாத் துணையின் ஊரில் ஒரு பனி இரவு

மார்கழிப் பின்னிரவில் கடலூர் திருப்பாதிரிப்புலியூரின் தெருவிளக்குகள் எரிகின்றன என்பதே கம்பத்தடிக்குப் போன பிறகுதான் தெரிந்தது, அத்தனை மூடுபனி. மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, காற்றும் அடங்கிவிட்ட இரவுகளில் தரை தன் வெப்பத்தை இழந்து குளிர, கெடிலக்கரையின் ஈரக்காற்று இப்படித்தான் பனியாகக் கவியும். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பழகிய தெரு என்ற ஒரே துணிச்சலில் பாடலீஸ்வரர் கோயிலுக்கு நடந்தேன்.

கோயில் வாசலை அடைந்தபோது மணி நான்கரை. அப்போது டொராண்டோவிலிருந்து மகள் அழைத்தாள். அங்கே முந்தைய நாள் மாலை ஆறு மணிதான் என்றாலும், குளிர்காலமாகையால் இருட்டி வெகுநேரம் ஆகிவிட்டதாம். அந்நாட்டில் அவளுக்கு அது முதல் குளிர்காலம். தனியாக இருக்கிறாளே என்ற கவலையில் பல இரவுகள் நான் தூங்கியதில்லை. "அம்மா, பனி கொட்டுது. சத்தமே இல்லைம்மா, நீயே கேளேன்" என்று சொல்லி, கைப்பேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். மழையென்றால் ஓசை உண்டு. அந்தப் பனியோ விழும்போதும் ஓசையின்றி விழுந்து, படிந்த பின்பு தன் துகள்களுக்கிடையே நிறைந்திருக்கும் காற்றினால் ஊரின் இரைச்சலையும் உள்வாங்கிக்கொள்ளுமாம். கேட்பதற்கு எதுவுமில்லாத அந்த அமைதியைக் காதோடு அணைத்துக் கேட்டுக்கொண்டே நின்றேன். அவள் குரலில் அன்றைக்குப் பயம் இல்லை. பிறகு நான் கைப்பேசியைக் கோயில் பக்கம் திருப்பினேன். உள்ளே திருப்பள்ளியெழுச்சி தொடங்கியிருந்தது.

பேசி முடித்து உள்ளே சென்றேன். திருவெம்பாவையின் இருபது பாடல்களும் நிறைவுற்றுத் தீபாராதனை ஆகும்வரை, பிராகாரத்துக் கல்தரையின் குளிர் உள்ளங்காலில் ஏறிக்கொண்டே இருந்தது. 7ஆம் நூற்றாண்டில் அப்பரைக் கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளியபோது, 'சொற்றுணை வேதியன்' என்று அவர் பாட, அக்கல்லே தெப்பமாகி அவரைச் சேர்த்த கரை இந்த ஊர்க்கரை என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. கரையேறிய அவர் இங்கே பாடிய 'ஈன்றாளுமாய்' பதிகத்தில்தான் இறைவனைத் 'தோன்றாத் துணை' என்கிறார். இத்தலத்து இறைவனுக்குத் தோன்றாத்துணைநாதர் என்ற பெயரும் வழங்குகிறது. கண்முன் வந்து நிற்காமலே உடனிருப்பவன் என்ற அந்தச் சொல்லைச் சிறுவயது முதல் ஓதி வந்திருக்கிறேன். ஆனால் நடுக்கடலின் இருட்டில் கரையே தெரியாமல் கிடந்தவருடைய சொல் அது என்பது அன்றுதான் உறைத்தது. அதே அப்பர் முதுமையில் பனிமலையாம் கயிலையைத் தேடித் தவழ்ந்தே போனதும், அங்கே ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து கயிலைக் காட்சி கண்டதும் நினைவுக்கு வந்தன. ஈன்றாளுமாய் நிற்பவனுக்கு டொராண்டோ மட்டும் தூரமா என்ன?

பெரியநாயகி அம்மனிடம் மகளின் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்தேன். தொன்னையில் கிடைத்த வெண்பொங்கலின் சூடு விரல்களுக்கு இதமாக இருந்தது. அதில் மிளகு சற்று அதிகம்.

வெளியே வந்தபோதும் பனி விலகவில்லை. கோலமிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் வளையல் ஓசை மட்டும் கேட்டது. தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன், கோபுரம் தெரியவில்லை. அது இருக்கும் திசை நோக்கிக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.