கதவுக்கு வெளியில நின்ன மல்வோலியோ

எங்க டிபார்ட்மென்ட்ல ரெண்டாம் வருஷத்துக்கு ஷேக்ஸ்பியர் பேப்பர் ரொம்ப நாளா நான்தான் எடுக்குறேன். அதுல காமெடின்னு வர்றது ட்வெல்ஃப்த் நைட். செமஸ்டர் கொஸ்டின் பேப்பர்ல ஏதாவது ஒரு ரூபத்துல ஒரு பெரிய கேள்வி வந்துடும், நாடக உத்திகள் வழியா இந்த நாடகத்தோட கருப்பொருள் எப்படி வெளிப்படுதுன்னு. அதுக்கு நான் வச்சிருந்த நோட்ஸ் பசங்க மத்தியில ரொம்ப பிரபலம், மாறுவேஷம், டிராமாட்டிக் ஐரனி, தனிமொழி, கிளைக்கதை, பாட்டுன்னு அஞ்சு சப்ஹெட்டிங், ஒவ்வொண்ணுக்கும் கீழ எட்டு வரி, அத அப்படியே மனப்பாடம் பண்ணி எழுதுனா பாஸ் மட்டும் இல்ல நல்ல மார்க்கே வந்துடும். அந்த நோட்ஸ்ல தப்பான தகவல் ஒண்ணும் இல்ல. ஆனா உத்தி ஒரு பக்கம் கிடக்கும், கருப்பொருள் இன்னொரு பக்கம் கிடக்கும், நடுவுல 'இதன் மூலம் வெளிப்படுகிறது'ன்னு ஒரு வரி போட்டு ஒட்ட வச்சிருப்பேன், அது எப்படி வெளிப்படுதுன்னு நானே உட்கார்ந்து யோசிச்சதில்லைங்கறது ஒரு வருஷம்தான் எனக்கு புரிஞ்சுது.

அந்த வருஷம் எனக்கு கிடைச்சது மத்தியான சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற பீரியட். புக்க கையில எடுத்து வாசிச்சு அர்த்தம் சொன்னா பாதி பேருக்கு கண்ணு சொக்குது, சரி நடிச்சே படிப்போம்னு பெஞ்ச எல்லாம் சுவரோரம் தள்ளிட்டோம். பக்கத்து கிளாஸ்ல சத்தம் கேக்குதுன்னு ரெண்டு தடவ சொல்லியனுப்பினாங்க, கதவ சாத்திக்கிட்டு தொடர்ந்தோம்.

கதை தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடுறேன். கப்பல் உடைஞ்சு இல்லிரியாங்கற ஊர்ல கரை ஒதுங்குறா வயோலா, கூட பிறந்த ரெட்டை செபாஸ்டியன் செத்துட்டான்னு நினைக்கிறா, ஆம்பள வேஷம் போட்டு செசாரியோங்கற பேர்ல ஆர்சினோ பிரபுகிட்ட வேலைக்கு சேர்றா. அவர் தன் காதல சொல்லச் சொல்லி ஒலிவியாங்கற சீமாட்டிகிட்ட இவள தூது அனுப்ப, ஒலிவியா தூது வந்த 'பையன்' மேலயே மனச விட்டுடுறா, வயோலாவோ ஆர்சினோ மேல ஆசைய வச்சுக்கிட்டு வாய திறக்க முடியாம நிக்கிறா. இதுக்கு பக்கத்துலயே இன்னொரு கதை ஓடுது, ஒலிவியா வீட்டு காரியஸ்தர் மல்வோலியோவ, அவங்க சித்தப்பா சர் டோபியும் தோழி மரியாவும் சேர்ந்து ஏமாத்துற கதை.

வயோலாவா நடிக்க முதல்ல ஒரு பொண்ணுதான் நின்னா. அந்தக் காலத்துல லண்டன் மேடையில பொம்பளைங்க நடிக்கல, 1660க்கு அப்புறம்தான் வந்தாங்க, அதனால வயோலாவா நடிச்சதும் ஒரு பையன்தான்னு நான் வழக்கமா சொல்ற தகவல சொன்னேன். உடனே பின்னாடி இருந்து ஒருத்தன், எங்க பெரியப்பா கூத்துல பெண் வேஷம் கட்டுறவரு மேம்னு சொன்னான். சொல்லிட்டு, அவர் திரௌபதி வேஷம் கட்டிட்டா விடியிற வரைக்கும் திரௌபதிதான், ஆனா இங்க பையன் பொண்ணாகி, பொண்ணு திரும்ப பையனாகணும், அப்போ அந்த நடிகர் எந்த நடை நடப்பாரு, தன் நடையா, இல்ல பொண்ணு ஆம்பள மாதிரி நடக்கப் பாக்குற நடையான்னு கேட்டான். இத்தன வருஷத்துல ஒரு கருத்தரங்குல கூட இந்தக் கேள்விய இவ்வளவு நேரா நான் கேட்டதில்ல. மாறுவேஷம்னா ஆள மறைக்கிறதுன்னு நோட்ஸ்ல எழுதியிருந்தேன், அவன் கேட்டதுக்கு அப்புறம்தான் இது மறைக்கிற உத்தியா இல்ல, ஆம்பள பொம்பளங்கறதே எவ்வளவு தூரம் நடையிலயும் துணியிலயும் இருக்குன்னு காட்டுற உத்தியான்னு யோசிச்சோம்.

இன்னொன்னு, நடிச்சப்பதான் காதுல விழுந்துச்சு. முதல் அங்கம் அஞ்சாம் காட்சியில வயோலா மனப்பாடம் பண்ணிட்டு வந்த தூத உரைநடையிலதான் ஆரம்பிக்கிறா, குறுக்க ஏதாவது கேட்டா அது என் பாடத்துல இல்லன்னு சொல்றா. ஒலிவியா முகத்திரைய விலக்குனதும் பேச்சு செய்யுளுக்கு மாறுது. நீங்க மாட்டேன்னு சொன்னா உங்க வாசல்லயே ஒரு குடிசை போட்டு உங்க பேர மலைமலையா எதிரொலிக்க வைப்பேன்னு அவ சொல்ற இடம் எஜமான் எழுதிக் கொடுத்த பாடமே இல்ல, ஆர்சினோ மேல தனக்கு இருக்குற ஏக்கத்த அடுத்தவர் பேர்ல கொட்டுறா. இரவல் வார்த்தை நின்னு சொந்த வார்த்தை வந்ததும்தான் ஒலிவியா விழுறா. செய்யுள் உரைநடை வித்தியாசத்த ரெண்டு மார்க் கேள்வியா நடத்துனவ நான், அது எவ்வளவு வேலை செய்யுதுன்னு பசங்க வாய்ல கேட்டுதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

இதையெல்லாம் விட என்ன இன்னிக்கும் விடாம இருக்குறது மல்வோலியோதான்.

ரெண்டாம் அங்கம் அஞ்சாம் காட்சி. ஒலிவியா தன்ன காதலிக்கிறான்னு மல்வோலியோ நம்பணும்னே மரியா தன் எஜமானியம்மா கையெழுத்து மாதிரியே எழுதி வச்ச கடிதத்த அவன் எடுத்து படிக்கப் போறான், சர் டோபி, அவரோட கூட்டாளி சர் ஆண்ட்ரூ, அந்த வீட்டு ஆள் ஃபேபியன் மூணு பேரும் செடி மறைவுல ஒளிஞ்சு வேடிக்கை பாக்குறாங்க. பெஞ்ச சாய்ச்சு போட்டு செடியாக்கினோம். மல்வோலியோவா நடிச்சவன் அதிகம் பேசாத பையன், சாயந்திரம் ஒரு ஜவுளிக்கடையில வேலைக்கு போறவன். ஒரு விஷயம் பல பேர் கவனிக்கிறதில்ல, கடிதம் கையில கிடைக்கிறதுக்கு முன்னாடியே அவன் கனவு காண ஆரம்பிச்சுடுறான். ஒரு பெரிய இடத்து அம்மா தன் வீட்டு உடுப்பு அறை ஊழியன கல்யாணம் பண்ணிக்கிட்டதா ஒரு முன்னுதாரணம் சொல்றான், வெல்வெட் அங்கி போட்டுக்கிட்டு உட்கார்ந்து சர் டோபிய கூப்பிட்டு கண்டிக்கிற மாதிரி கற்பனை பண்றான். அப்போ கையில கடிகாரத்த முறுக்குவேன், இல்லன்னா என்னோட... ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டு ஏதோ ஒரு விலை உயர்ந்த நகைன்னு முடிப்பான். காரியஸ்தர் கழுத்துல போட்டிருக்குற சங்கிலிதான் அது, பழக்கத்துல கை அங்க போயிடுச்சு, பிரபு ஆயிட்டா அது இருக்காதேன்னு ஞாபகம் வந்து மாத்திக்கிறான்னு பொதுவா விளக்கம் சொல்வாங்க, அதையே நானும் அவங்களுக்கு சொல்லியிருந்தேன். அந்தப் பையன் அந்த வரி வந்தப்ப கழுத்துல கிடந்த ஐடி கார்டு கயித்த பிடிச்சுட்டு, சட்டுனு விட்டான். கிளாஸே வெடிச்சு சிரிச்சுது. நானும் சிரிச்சேன்.

1602 பிப்ரவரி 2ஆம் தேதி லண்டன்ல சட்டம் படிக்கிறவங்க தங்குற மிடில் டெம்பிள் மண்டபத்துல இந்த நாடகம் நடந்தத ஜான் மானிங்ஹாம்ங்கற சட்ட மாணவர் டைரியில எழுதி வச்சிருக்காரு, அவருக்கு பிடிச்சு குறிச்சு வச்சதும் காரியஸ்தர ஏமாத்துன இந்த வேடிக்கையதான். அன்னிக்கு சிரிச்ச அந்த இளம்பிள்ளைங்களும் எங்க கிளாஸும் சிரிச்சது ஒரே இடத்துலதான்.

டிராமாட்டிக் ஐரனின்னா பாத்திரத்துக்கு தெரியாதது பார்வையாளருக்கு தெரியிறதுன்னு விளக்கம் சொல்வோம். சரிதான். ஆனா அது தெரிஞ்சதுனால நாம எந்தப் பக்கம் போய் உட்கார்றோம்? செடிக்கு பின்னாடி. மல்வோலியோ ஆணவக்காரன், கேக்கும் பீரும் கூடாதுன்னு அடுத்தவங்க சந்தோஷத்த கெடுக்குறவன், அதனால நமக்கு குத்தமா தோணாது, டோபியோட தோள உரசிக்கிட்டு நாமளும் ஒளிஞ்சு பாக்குறோம். ஷேக்ஸ்பியர் நம்மள அங்க உட்கார வச்சிட்டு, ரெண்டு அங்கம் கழிச்சு அதுக்கு கணக்கு கேக்குறாரு.

நாலாம் அங்கம் ரெண்டாம் காட்சியில, கடிதத்த நம்பி விசித்திரமா நடந்துக்கிட்ட மல்வோலியோவுக்கு பைத்தியம்னு சொல்லி இருட்டறையில அடைச்சிருப்பாங்க. 1623ல வந்த ஃபோலியோங்கற ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்புல அவன் உள்ள இருந்து பேசுறதா மேடைக்குறிப்பு இருக்கு, அதாவது ஆள் தெரியாது, குரல் மட்டும் வரும். அதனால அந்தப் பையன காரிடார்ல நிக்க வச்சு கதவ சாத்தினேன். விகடகவி ஃபெஸ்டே பாதிரியார் வேஷம் போட்டு, தாடி ஒட்டி, குரல மாத்தி வந்து அவன வதைக்கிறான். மெழுகுவத்தி, பேனா, மை, காகிதம் கொடுன்னு உள்ள இருந்து கேக்குறான், அறை இருட்டா இருக்குன்னு சொல்றான், இல்ல வெளிச்சமா இருக்கு உனக்குதான் பைத்தியம்னு இவன் சொல்றான். எங்க கிளாஸ்ல முதல் நாலு வரிக்கு சிரிப்பு வந்துச்சு. சாத்துன கதவுக்கு அந்தப் பக்கமிருந்து எனக்கு பைத்தியம் இல்லங்க, இருட்டா இருக்குங்கன்னு அந்தக் குரல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாழ்ந்து தாழ்ந்து வர ஆரம்பிச்சப்ப சிரிப்பு நின்னு போச்சு. ஃபெஸ்டேவா நடிச்சவனே வசனத்த வேகமா ஓட்டி முடிக்கப் பாத்தான்.

அந்த நேரத்துல மரியாவோட ஒரு வரி வரும், தாடியும் அங்கியும் இல்லாமலே நீ இத செஞ்சிருக்கலாமே, அவனுக்குதான் நீ தெரியலையேன்னு. எத்தனையோ தடவ கடந்து போன வரி அது. அன்னிக்கு தூக்கி வாரி போட்டுச்சு. மாறுவேஷத்துக்காகவே கட்டுன ஒரு நாடகத்துல, யார ஏமாத்தணுமோ அவன் கண்ணுக்கே தெரியாத ஒரு மாறுவேஷம், அப்போ அந்த தாடி யாருக்காக? பாத்துக்கிட்டு இருக்குற எங்களுக்காக. கொஞ்ச நேரத்துல சர் டோபியே இந்த வம்புல இருந்து எப்படியாவது கழண்டுக்கிட்டா போதும்னு சொல்றான், ஆரம்பிச்சு வச்சவனுக்கே போதும்னு ஆயிடுச்சு.

அடுத்த நாள் கிளாஸ்ல ஒரு பொண்ணு எழுந்து, மேம் ஒலிவியா செசாரியோவ விரும்புனாளே, செசாரியோ ஆர்சினோ வீட்டு வேலையாள்தானே, அது தப்பில்லையா, மரியா கூட வேலை பாக்குற இடத்துல இருந்து சர் டோபிய கட்டிக்கிட்டா, அதுவும் தப்பில்ல, மல்வோலியோ ஆசைப்பட்டா மட்டும் ஏன் இருட்டறைன்னு கேட்டா. போர்டுல மூணு பேரயும் பக்கத்துல பக்கத்துல எழுதினோம். ஒலிவியா சர்ச்சுல கைபிடிச்சது உயிரோட திரும்பி வந்த செபாஸ்டியன, செசாரியோன்னு நம்பித்தான், கடைசியில ஆர்சினோ அவளப் பாத்து பயப்படாதே அவன் உயர்ந்த ரத்தம்னு உத்தரவாதம் கொடுக்குறாரு. மரியாவுக்கு அந்த பொய்க்கடிதம் எழுதுனதுக்கு பரிசாவே கல்யாணம் நடக்குது. படி தாண்ட நினைச்சவங்க மூணு பேர்ல ஒருத்தனுக்கு மட்டும்தான் அடி, அதையும் நாடகம் எங்கயும் வாய விட்டு சொல்லல, கிளைக்கதைய முக்கியக் கதைக்கு பக்கத்துல நிறுத்தி வச்சிட்டு ஒதுங்கிக்குது, பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்குறவங்களுக்குதான் தெரியும். கிளைக்கதைங்கற சப்ஹெட்டிங் கீழ 'நகைச்சுவைக்காக' ன்னு நான் எழுதியிருந்த வரிய அன்னிக்கே அடிச்சேன்.

அந்த செமஸ்டர்ல நோட்ஸ் கொடுக்கல. பயமாத்தான் இருந்துச்சு, ரிசல்ட் குறைஞ்சா மீட்டிங்ல பதில் சொல்லணும், அரியர் விழுந்தா வீட்ல கஷ்டப்படுற பசங்க. அதனால ஒவ்வொருத்தரும் தான் நடிச்ச காட்சியில எந்த இடத்துல கூட்டம் சிரிச்சுது, எந்த இடத்துல நிறுத்துச்சு, அந்த இடத்துல எழுத்துல என்ன நடந்துச்சுன்னு எழுதிட்டு வரச் சொன்னேன், பரீட்சைக்கும் அதையே விரிச்சு எழுதப் பழக்கினேன். சில பேர் நல்லா எழுதினாங்க, சில பேர் கடையில கைடு வாங்கி படிச்சாங்க, அவங்கள நான் குறை சொல்லல. மல்வோலியோவா நடிச்ச பையன் எழுதுனது அரைப்பக்கம், ஐடி கார்ட தொட்டது தான் யோசிச்சு செஞ்சதில்ல, கடையில முதலாளி வர்றப்ப கை தானா அங்க போகும்னு எழுதியிருந்தான்.

கடைசிக் காட்சி நடிச்ச அன்னிக்கு கதவ திறந்து அவன உள்ள விட்டோம். மல்வோலியோ நாடகம் முழுக்க உரைநடையில பேசுறவன், இந்த ஒரு இடத்துல மட்டும் எஜமானியம்மா முன்னாடி நின்னு செய்யுள்ல பேசுறான், ஏன் என்ன அடைச்சு வச்சீங்க, நான் என்ன பண்ணுனேன் சொல்லுங்கன்னு, ஒரு பிரபு பேச வேண்டிய மொழியில. அத அவன் கத்தாம சொன்னான். அப்புறம் உங்க மொத்த கூட்டத்தையும் பழி வாங்குவேன்னு சொல்லிட்டு, கதவ திறந்து மறுபடி காரிடாருக்கே போயிட்டான்.

ஆர்சினோ, அவன் பின்னாடி போய் சமாதானம் பேசி கூட்டிட்டு வாங்க, அந்த கேப்டன் பத்தி அவன் இன்னும் சொல்லலையேன்னு சொல்றாரு. வயோலாவோட பொம்பள உடுப்பு, அவ கூட கரை ஒதுங்குன அந்த கப்பல் கேப்டன்கிட்ட இருக்கு, கேப்டன் ஜெயில்ல இருக்கான், உள்ள போட வச்சது மல்வோலியோ தொடுத்த வழக்கு. அவன் வராம அந்த உடுப்பு வராது, உடுப்பு வராம அவ வயோலா ஆக முடியாது, ஆர்சினோ கடைசி வரைக்கும் அவள செசாரியோன்னுதான் கூப்பிடுறாரு. யாரெல்லாம் சேர்ந்து சிரிச்சாங்களோ அவங்க வீட்டு கல்யாணம் இப்போ அவனுக்காக காத்துக்கிட்டு இருக்கு.

யார் போய் கூட்டிட்டு வர்றதுன்னு வசனத்துல இல்ல. எங்க கிளாஸ்ல மேடையில நின்ன பசங்க ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க, நான் போகவா நீ போறியான்னு. ஃபெஸ்டே நாடகத்த முடிக்கிற மழைப் பாட்ட ஆரம்பிக்கணும், அவனும் ஆரம்பிக்காம கதவையே பாத்துக்கிட்டு நின்னான்.