கச்சான் காற்றும் தானாக அணைந்த சேர்வரும்

திருகோணமலையில் கச்சான் என்கிற சூடான வறண்ட காற்று வீசும் மாதங்களில், மத்தியானத்தில் மட்டும் நின்றுபோகிற கணினி என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது சூட்டைத்தான். ஏகாம்பரம் வீதிப் பக்கம் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பில் போடும் சேர்வர் அப்படித்தான் அணைந்துகொண்டிருந்தது. காலையில் ஒழுங்காக ஓடும், வெயில் ஏறினால் படுத்துவிடும்.

"தம்பி, வைரஸ் பூந்திட்டுது. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசாப் போடுங்கோ" என்றார் முதலாளி.

"பொறுங்கோ அண்ணை, முதல்ல லொக்கைப் பார்ப்பம்."

லினக்ஸ் சேர்வர் என்பதால் ஜேர்னல்சிடிஎல் கட்டளையில் முந்தின தடவை ஓடியபோது பதிவானவற்றை, அதாவது லொக்கை, தனியாக எடுக்கலாம். ப்ரொசெஸர் சூடாகி வேகத்தைக் குறைத்ததாக வரிசையாக எச்சரிக்கைகள். அதன்பின் ஒன்றுமே இல்லை. முறைப்படி நிறுத்தியிருந்தால் நிறுத்திய வரிகள் இருந்திருக்கும். சூடு எல்லை தாண்டியதும் வன்பொருளே கரண்டை வெட்டியிருக்கிறது.

சேர்வர் இருந்த இடத்தைப் பார்த்ததும் காரணம் விளங்கியது: தரையில், சீமெந்து மூட்டைகளுக்குப் பக்கத்தில். வயரைக் கழற்றிவிட்டுத் திறந்தேன். ப்ரொசெஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இடுக்குகளில் தூசி தும்பு மெத்தை போல அடைத்திருந்தது. கடற்கரை ஊரில் உப்பும் ஈரமும் சேர்ந்து தூசியைப் பசையாக்கிவிடும். ஊதினால் மட்டும் போகாது. விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு புளோவர் அடித்தேன், அப்புறம் பிரஷ், ஐசோப்ரொபைல் அல்ககோல். ப்ரொசெஸரின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து வெடித்திருந்தது; அதைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பயறளவு வைத்தேன். சூடு இறங்கிவிட்டது.

அத்தோடு போயிருக்கலாம். ஆனால் வந்த கையோடு டிஸ்க்கையும் பார்த்துவிடுவது என் வழக்கம். இரண்டு டிஸ்க்கில் ஒரே தரவை எழுதும் ரெயிட் 1 அது. நிலவரத்தில், டிஸ்க் வேலை செய்கிறது என்று காட்டும் 'யூ' இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு 'யூ'வும் ஒரு கீழ்க்கோடும். ஒரு டிஸ்க் எப்போதோ விலகியிருக்கிறது, ஒருவருக்கும் தெரியாது. ரெயிட்டின் வில்லங்கமே இதுதான்: பாதி செத்தாலும் பில் வந்துகொண்டே இருக்கும்.

புது டிஸ்க் வாங்க ஓடுவதற்கு முன் வெளி டிஸ்க் ஒன்றில் முழு பெக்கப் எடுத்தேன். மீள்கட்டும்போது, அதாவது தரவைப் புது டிஸ்க்குக்குப் பிரதி எடுக்கும்போது, மிஞ்சிய டிஸ்க் முழுவதும் வாசிக்கப்படும். அதுவும் அதே வயதுதான், அந்த நேரத்தில் காலை வாரலாம். பிறகு டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில், விலகிய டிஸ்க்கின் சீரியல் இலக்கத்தை எடுத்து, டிஸ்க்கின் லேபலோடு ஒப்பிட்டுத்தான் கழற்றினேன். தப்பி நல்லதைக் கழற்றினால் அன்றோடு கடையில் பில் நின்றுவிடும். மிஞ்சியதில், கெட்டு மாற்றப்பட்ட பகுதிகளையும் கெட்டதாகச் சந்தேகிக்கும் பகுதிகளையும் எண்ணும் 5ஆம், 197ஆம் இலக்க அளவுகள் இரண்டும் பூச்சியம்; கொஞ்சம் மூச்சு வந்தது. மீள்கட்டல் இரவோடு இரவாக ஓடி முடிந்தது. இனி டிஸ்க் விலகினால் எனக்கு மெயில் வரும்படி, ரெயிட்டைக் கவனிக்கும் எம்டிஅட்மினில் போட்டுவைத்தேன்.

கரண்ட் போய் வந்தால் பில்லில் பழைய திகதி விழுகிறது என்றும் சொன்னார்கள். அது கரண்ட் இல்லாதபோது கணினியின் கடிகாரத்தை ஓட்டும், மதர்போர்டின் சிஆர்2032 என்கிற நாணயம் போன்ற சின்னப் பற்றரி. 3 வோல்ட் காட்ட வேண்டியது மிகவும் இறங்கியிருந்தது. மாற்றியதும் சரி.

சேர்வர் இப்போது கணக்கறையில் மேசைக்கு மேல் இருக்கிறது. யூபிஎஸ்ஸின் 12 வோல்ட் பற்றரியும் வீங்கியிருக்கிறது. அதற்கு மட்டும் முதலாளி, "அடுத்த மாதம் பார்ப்பம் தம்பி" என்கிறார்.