கம்பம்மெட்டு எடைமேடைக் கணினியில் இரண்டாவது கோர்

12 ஜூன் 2025, வியாழன்

கேரள எல்லை எடைமேடையிலிருந்து இறங்கிய கணினி: 945ஜி போர்டு, ஒரே கோர் (கணக்கிடும் மையம்) கொண்ட செலிரான் டி 2.8 கிகாஹெர்ட்ஸ் செயலி, விண்டோஸ் எக்ஸ்பி. எடை மென்பொருள் எக்ஸ்பியை விட்டு நகராது. எடைக்கருவியும் 9 முள் சீரியல் போர்ட்டில்தான் பேசும். அதனால் செயலியை மட்டும் மாற்றுவோம்: அதே 775 சாக்கெட்டில் இரண்டு கோர் கொண்ட பென்டியம் டூயல் கோர் இ2180. 2 கிகாஹெர்ட்ஸ்தானே என்று முகம் சுளிக்க வேண்டாம். கடிகாரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் இது முடிக்கும் வேலை அதிகம். வெப்பமும் 84 வாட்டிலிருந்து 65 வாட்டுக்கு இறங்கும்.

சாக்கெட்டில் உட்கார்ந்துவிட்டால் ஓடிவிடும் என்று அர்த்தமில்லை. முதல் ரிவிஷன் போர்டுகள் பலவற்றின் மின்சுற்று இந்தத் தலைமுறைக்கு ஒத்துவராது. போர்டில் அச்சிட்ட ரிவிஷன் எண்ணைப் பார்த்து, தயாரிப்பாளரின் பட்டியலில் இ2180 எந்த பயாஸ் (கணினியைத் துவக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பதிப்பிலிருந்து வருகிறது என்று தேட வேண்டும். பயாஸைப் பழைய செலிரான் இருக்கும்போதே ஏற்றிவிட வேண்டும். மாட்டியபிறகு திரையே வராமல் போகலாம். சாரல் அடிக்கும்போது குமுளிப் பக்கம் கரண்டை நம்ப முடியாது. யூபிஎஸ் பேட்டரியைச் சோதித்துவிட்டே பயாஸில் கை வைக்கணும்.

13 ஜூன், வெள்ளி

பயாஸில் மூன்றே விஷயம்: மல்டி கோர் வசதி இருந்தால் ஆன், ஏபிக் (சாதனங்களின் இன்டரப்ட், அதாவது குறுக்கீட்டுச் சைகைகளைச் செயலிக்கு அனுப்பும் சுற்று) ஆன், 'லிமிட் சிபியுஐடி மேக்ஸ்' ஆஃப். கடைசியது பழைய விண்டோஸ் என்டி 4 காலத்துச் சமாச்சாரம்.

எக்ஸ்பி திறந்ததும் டாஸ்க் மேனேஜரில் ஒரே வரைபடம்தான். காரணம், நிறுவும்போது ஒற்றைச் செயலிக்கான ஹால் கோப்பு (விண்டோஸை வன்பொருளோடு இணைப்பது) உட்கார்ந்துவிட்டது. டிவைஸ் மேனேஜரில் 'கம்ப்யூட்டர்' என்பதை விரித்தால் 'ஏசிபிஐ யூனிபிராசசர் பிசி' என்று இருக்கும். அதன் டிரைவரைப் புதுப்பிக்கக் கொடுத்து, தானாகத் தேடவிடாமல் பட்டியலிலிருந்து 'ஏசிபிஐ மல்டிபிராசசர் பிசி'யைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரீஸ்டார்ட். சாதனங்களை மறுபடி கண்டுபிடிக்கும். பொறுத்திருந்து இன்னொரு ரீஸ்டார்ட். பிறகு எடைக்கருவியின் காம் எண் (சீரியல் போர்ட்டின் எண்), பாட் ரேட் (தரவு வேகம்) இரண்டையும் சரிபார்க்கணும்.

அங்கே 'அட்வான்ஸ்டு கான்ஃபிகரேஷன் அண்ட் பவர் இன்டர்ஃபேஸ் பிசி' என்றோ 'ஸ்டாண்டர்டு பிசி' என்றோ இருந்தால் தொடாதீர்கள். ஏபிக் இல்லாமல் நிறுவியது அது. இன்டரப்ட் ஏற்பாடே வேறு. வலிந்து மாற்றினால் நீலத்திரைதான், பெரும்பாலும் 0x79 அல்லது 0x7பி. பயாஸில் ஏபிக்கை ஆன் செய்துவிட்டு, சிடியிலிருந்து ரிப்பேர் இன்ஸ்டால் போடுவதே நேர்வழி.

உறுதி செய்ய: சிஸ்டம்32-இல் ஹால்.டிஎல்எல் கோப்பின் பதிப்புத் தாவலைத் திறந்து மூலப்பெயரைப் பாருங்கள். 'ஹால்எம்ஏசிபிஐ' என்றிருந்தால் மல்டிபிராசசர், 'ஹால்ஏஏசிபிஐ' என்றால் இன்னும் ஒற்றைதான். வரைபடத்தை மட்டும் நம்பக் கூடாது. ஹைப்பர் த்ரெடிங் உள்ள பென்டியம் 4-உம் இரண்டு வரைபடம் காட்டும்.

16 ஜூன், திங்கள்

எடை மென்பொருள் ஒற்றை இழை நிரல், ஒரு நேரத்தில் ஒரே கோரில்தான் ஓடும். இரண்டாவது கோர் வந்ததால் அது வேகமாகிவிடாது. ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓடும்போதும் ஏலக்காய் லாரிக்கு ரசீது அச்சாகும்போதும் திரை உறையாது, அவ்வளவே. அந்த இடத்துக்கு அது போதும்.

சில பழைய நிரல்கள் இரண்டு கோரில் தடுமாறும்: எடை குதிக்கும், நேரம் பின்னோக்கி ஓடும். டாஸ்க் மேனேஜரில் நிரலை வலச்சொடுக்கி 'செட் அஃபினிட்டி'யில் (எந்தக் கோரில் ஓடலாம் என்ற அமைப்பு) சிபியு 1-ஐ நீக்கினால் சரியாகும்; நிரலை மூடினால் அந்த அமைப்பும் போய்விடும். ஏஎம்டி அத்லான் எக்ஸ்2 என்றால் போட்.ஐஎன்ஐ (எக்ஸ்பியின் துவக்கக் கோப்பு) வரியின் கடைசியில் 'யூஸ்பிஎம்டைமர்' சுவிட்சைச் சேர்க்க வேண்டும். இரு கோர்களின் கடிகாரமும் ஒன்றுக்கொன்று விலகுவதால் வரும் கோளாறு அது.

17 ஜூன், செவ்வாய்

கூடலூரிலிருந்து ஒரு விண்டோஸ் 7 கணினி. எம்எஸ்கான்ஃபிகில் (விண்டோஸின் துவக்க அமைப்புக் கருவி) 'நம்பர் ஆஃப் பிராசசர்ஸ்' பெட்டியை டிக் செய்து 1 வைத்திருக்கிறார்கள். வேகம் கூட்டும் வித்தை என்று யாரோ கிளப்பிவிட்ட கதை. அது உச்சவரம்பு, டிக்கை எடுத்தாலே விண்டோஸ் எல்லாக் கோரையும் எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் இதற்கு இணை கெர்னல் வரியில் 'மேக்ஸ்சிபியுஸ்=1'. கிரப் (லினக்ஸைத் துவக்கும் நிரல்) அமைப்புக் கோப்பில் அதை நீக்கி 'அப்டேட்-கிரப்' கொடுத்து, ரீஸ்டார்ட் ஆனதும் 'என்பிராக்' தட்டினால் கோர் எண்ணிக்கை 2 என்று வரும்.