வெளி மாநில வேட்டையில் எங்கே படுப்பது: கூடாரத்திலா, மோட்டலிலா?

வேட்டை டேக் குலுக்கலின் முடிவு வெளியாகி, எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது என்று தெரிந்த அன்றே நான் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு படுக்க இடம் தேடத் தொடங்கிவிடுகிறேன். துப்பாக்கி, தோட்டா, காலணி ஆகியவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வசிக்கும் நான் ஒன்பது ஆண்டுகளாக இலையுதிர் காலத்தில் மேற்கே வண்டியோட்டிச் சென்று, வயோமிங் சமவெளியில் ப்ராங்ஹார்ன் என்னும் மறிமான் போன்ற விலங்கையும் கொலராடோ மலைகளில் எல்க் என்னும் பெரிய மானையும் வேட்டையாடி வருகிறேன். கூடாரத்திலும் தங்கியிருக்கிறேன், மோட்டல் என்னும் சாலையோர விடுதியின் அறையிலும் தங்கியிருக்கிறேன், இரண்டிலும் தவறான நேரத்தில் தங்கி வருந்தியும் இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்வதானால், வசதியையும் செலவையும் முதலில் வைத்து இந்தக் கேள்வியை அணுகுபவர்கள் பெரும்பாலும் தவறான முடிவுக்கே வருகிறார்கள். விடியும்போது நாம் எங்கே நிற்க வேண்டும் என்பதும், விலங்கு விழுந்தபின் அதன் இறைச்சியை எங்கே குளிரவைக்கப் போகிறோம் என்பதும்தான் படுக்கையின் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

என் முதல் எல்க் வேட்டையின்போது இது எனக்குத் தெரியாது. கொலராடோவின் வடமேற்கில், கிரெய்க் ஊரில் ஒரு மோட்டலில் ஆறு இரவுகளுக்கு அறை எடுத்திருந்தோம். நாங்கள் வேட்டையாட நினைத்த இடம் அங்கிருந்து 55 மைல். அதில் கடைசி 20 மைல் காட்டு மண்சாலை. அக்டோபர் மாத இறுதியில் அங்கே சூரியன் ஏறக்குறைய ஏழரை மணிக்கு உதிக்கிறது, சட்டப்படி அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து சுடலாம், ஆகவே ஏழு மணிக்கு நாங்கள் மேட்டின் மேல் இருந்தாக வேண்டும். ஒரு மணி நேர நடை, ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம், உடுத்தவும் காபி போடவும் சற்று நேரம் என்று பின்னோக்கிக் கணக்கிட்டால் மூன்றேகால் மணிக்கு எழ வேண்டியிருந்தது. மாலையில் எல்க் கூட்டம் மரங்களை விட்டு வெளியே வருவது கடைசி வெளிச்சத்தில்தான் என்பதால் அதுவரை இருந்துவிட்டு, இருட்டில் இறங்கி, அறைக்குத் திரும்பும்போது மணி ஒன்பதரை ஆகிவிடும். சாப்பிட்டு, ஈரத் துணிகளைக் காயப்போட்டுப் படுத்தால் நான்கரை மணி நேரத் தூக்கம். முதல் நாள் ஆர்வம் தாங்கியது, இரண்டாம் நாள் பிடிவாதம் தாங்கியது. மூன்றாம் நாள் நானும் என் நண்பரும் ஒன்பது மணிக்கு மலைச்சரிவிலேயே உட்கார்ந்தபடி உறங்கிப்போனோம். நான்காம் நாள் எழவே முடியாமல் காலை வேட்டையை முழுவதுமாக விட்டுவிட்டோம். மென்மையான படுக்கைக்கும் வெந்நீருக்கும் நாங்கள் கொடுத்த விலை, வேட்டையின் மிகச் சிறந்த மணி நேரங்கள்.

அடுத்த முறை அதே பகுதியில் ஏறக்குறைய 9,000 அடி உயரத்தில், தேசிய வனப்பகுதிக்குள், சாலையோரம், முன்பு யாரோ தீ மூட்டக் கல் அடுக்கிய ஒரு பழைய வளையத்தின் அருகே கான்வாஸ் கூடாரம் அடித்துத் தங்கினோம். ஐந்து மணிக்கு எழுந்தாலே போதுமானதாக இருந்தது. இரவில் எந்தத் திசையிலிருந்து காற்று வீசுகிறது, எந்தப் பள்ளத்தாக்கில் குளிர் தேங்குகிறது, எந்தச் சாலையில் மற்ற வேட்டைக்காரர்களின் வண்டி விளக்குகள் நகர்கின்றன என்பதெல்லாம் படுத்தபடியே தெரிந்தது. வண்டிகள் கூடக்கூட எல்க் கூட்டங்கள் சாலைகளை விட்டு விலகிப் போகும் இயல்புடையவை. அவை எந்தப் பக்கம் ஒதுங்குகின்றன என்று அங்கேயே வாழ்ந்து கவனிப்பவனுக்குத் தெரிவது, ஊரிலிருந்து தினமும் வந்து போகிறவனுக்குத் தெரியாது. நண்பகலில் கூடாரத்துக்கு வந்து இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு மாலை வேட்டைக்குப் புத்துணர்ச்சியோடு போனோம். எல்க் வேட்டைக்குக் கூடாரம்தான் என்று என் மனம் உறுதிப்பட்டது அந்த வாரத்தில்தான்.

இனி இறைச்சி. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் தங்குமிடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் இதைக் கடைசியாகத்தான் நினைக்கிறார்கள். வளர்ந்த ஆண் எல்க் ஒன்று ஏறக்குறைய 700 பவுண்டு எடை இருக்கும். எலும்பு நீக்கிய பிறகும் 180 பவுண்டு அளவுக்கு இறைச்சி கிடைக்கலாம். அதை 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே கொண்டுவந்து, வீடு சேரும்வரை அங்கேயே வைத்திருக்க வேண்டும். அக்டோபரில் உயரமான முகாமில் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கும். தொடைகளைத் துணிப்பைகளில் இட்டு, வடக்கு பார்த்த சரிவில், பகல் முழுவதும் நிழல் விழும் மரத்தில் தொங்கவிட்டால் மலையே குளிர்பதனப் பெட்டியாகிவிடுகிறது. ஆயிரம் அடி இறங்குவதற்கு ஏறக்குறைய மூன்றரை டிகிரி வெப்பம் கூடும் என்பதால், அதே இறைச்சியை மோட்டலுக்குக் கொண்டுபோனால், வெயிலில் நிற்கும் டிரக்கின் பின்புறத்தில் கூலர்களில் அடைத்து, நாள்தோறும் பனிக்கட்டி மாற்றிக் காக்க வேண்டியிருக்கிறது. செப்டம்பர் மாத வில்வேட்டையின்போது இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அப்போது மலையிலும் பகல் வெப்பம் அதிகம், இறைச்சியைத் தொங்கவிட்டு நம்பியிருக்க முடியாது. பனிக்கட்டி கிடைக்கும் ஊர், அல்லது இறைச்சியை வாங்கிக் குளிரறையில் வைத்துக்கொள்ளும் வெட்டுக்கடை, அருகில் இருப்பது பெரும் பேறு.

கூலரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டிலேயே பெரிய நீர்க்குடுவைகளை உறையவைத்து எடுத்துச் சென்றால் அவை பொடிப் பனிக்கட்டியைவிட நெடுநேரம் தாங்குகின்றன, உருகினால் குடிக்கவும் ஆகின்றன. தளர்வான பனிக்கட்டியைப் பயன்படுத்தினால் வடிகால் திருகைத் திறந்தே வைக்க வேண்டும். தண்ணீரில் ஊறிய இறைச்சி சுவை கெட்டுவிடும்.

மாநில எல்லையைத் தாண்டும்போது இன்னொரு சட்டமும் குறுக்கிடுகிறது. மான் இனங்களின் மூளையைத் தாக்கும் சி.டபிள்யூ.டி. என்னும் மெலிவு நோய் 1967-இல் கொலராடோவில்தான் முதலில் காணப்பட்டது. அது பரவாமல் தடுக்க, மினசோட்டா உட்படப் பல மாநிலங்கள் வெளியிலிருந்து மான், எல்க் ஆகியவற்றின் முழு உடலையோ, மூளையும் முதுகுத்தண்டும் உள்ள பகுதிகளையோ கொண்டுவர அனுமதிப்பதில்லை. ஆகவே எலும்பு நீக்குவதும், கொம்போடு கூடிய மண்டையோட்டுத் தகட்டைச் சுத்தம் செய்வதும் அங்கேயே முடிந்தாக வேண்டும். முகாமில் ஒரு தார்ப்பாயும் மடக்கு மேசையும் தலைவிளக்கும் இருந்தால் இந்த வேலையை நிதானமாகச் செய்யலாம். மோட்டல் குளியலறையில் செய்வது அந்த மோட்டலுக்கும் நமக்குப் பின்னால் வரும் வேட்டைக்காரர்களுக்கும் செய்யும் துரோகம். எந்தச் சூழ்நிலையிலும் அதைச் செய்யக் கூடாது. எங்கே வெட்டினாலும், கொலராடோ சட்டப்படி விலங்கு ஆணா பெண்ணா என்பதற்கான அடையாளம் இறைச்சியின் ஒரு பகுதியோடு இயற்கையாக இணைந்திருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இவ்வளவு சொன்ன பிறகும், ப்ராங்ஹார்ன் வேட்டைக்கு நான் மோட்டலைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். வயோமிங்கின் கிழக்குச் சமவெளியில் அந்த விலங்கு பகல் முழுவதும் வெட்டவெளியில் மேய்கிறது, மைல் கணக்கான தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரிகிறது. விடியலைத் தவறவிட்டால் எல்லாம் போயிற்று என்ற நிலை அங்கே இல்லை. அக்டோபர் தொடக்கத்தில் பகல் வெப்பம் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் நாட்கள் உண்டு. ப்ராங்ஹார்னின் உள்ளீடற்ற மயிர் சூட்டை உடலுக்குள்ளேயே பிடித்துவைத்துக்கொள்வதால், உடனே தோலுரித்து, ஒரு மணி நேரத்துக்குள் பனிக்கட்டியின் மேல் வைப்பதுதான் அந்த இறைச்சியின் சுவையைக் காக்கும் ஒரே வழி. அதற்கு ஊரும் பனிக்கட்டி இயந்திரமும் பக்கத்தில் இருக்க வேண்டும். மேலும், வயோமிங்கில் மாநில அரசின் கையில் உள்ள அறக்கட்டளை நிலங்களில் வேட்டையாடலாமே தவிர இரவு தங்கவோ தீ மூட்டவோ கூடாது. தனியார் நிலங்களுக்கிடையே துண்டு துண்டாகக் கிடக்கும் பொது நிலத்தில் சட்டப்படி கூடாரம் அடிக்கக்கூடிய இடத்தைக் கண்டுபிடித்தாலும், மரமே இல்லாத அந்த வெளியில் இரவு முழுவதும் வீசும் காற்று கூடாரத் துணியை அறைந்துகொண்டே இருக்கும்.

அந்தப் பகுதியின் மண்ணையும் குறிப்பிட வேண்டும். பென்டனைட் களிமண் கலந்த அந்தச் சாலைகள் காய்ந்திருக்கும்போது தார்ச்சாலை போல இருக்கும்; அரை மணி நேரம் மழை பெய்தால் நான்கு சக்கர விசை உள்ள டிரக்கும் பக்கவாட்டில் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிடும். ஒருமுறை நண்பரின் வற்புறுத்தலுக்கு இணங்கி அங்கே கூடாரம் அடித்திருந்தோம். இரவு மழையில் அகப்பட்டு, சாலை காயும்வரை ஒன்றரை நாள் நகர முடியாமல் கிடந்தோம். கூலரில் இரண்டு ப்ராங்ஹார்னின் இறைச்சி இருந்தது, பனிக்கட்டி கரைந்துகொண்டிருந்தது. இறைச்சி தப்பித்தது இரவுக் குளிரின் தயவால்தான். அன்று நான் அனுபவித்த கவலையை இன்னொரு முறை அனுபவிக்க விரும்பவில்லை.

கூடாரத்தில் தங்க முடிவு செய்கிறவர்கள் குளிரையும் தீயையும் மிகுந்த பொறுப்போடு அணுக வேண்டும். மூடிய கூடாரத்துக்குள் எரியும் எந்த அடுப்பும் கார்பன் மோனாக்சைடைக் கக்கக்கூடியது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பேட்டரியில் இயங்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்று தலைமாட்டில் இல்லாமல் நான் படுப்பதில்லை, காற்றுத் துளைகளை எந்தக் குளிரிலும் முழுவதும் மூடுவதில்லை. பிராணவாயு குறைந்தால் தானே அணைந்துவிடும் சிறிய பிராபேன் வெப்பமூட்டிகள் 7,000 அடிக்கு மேல் மெல்லிய காற்றினாலேயே அடிக்கடி அணைந்துபோகும் என்பதால், அதை நம்பி மெல்லிய ஸ்லீப்பிங் பேக்கோடு போகக் கூடாது. வறண்ட ஆண்டுகளில் தீத்தடை அமலில் இருந்தால் கூடாரத்துக்குள் விறகடுப்பு மூட்டுவதும் தடைசெய்யப்பட்டிருக்கலாம். கிளம்புவதற்கு முன் வனத்துறை அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. வயோமிங்கின் வடமேற்கில், கிரிஸ்லி கரடிகள் வாழும் காடுகளில், உணவைத் தரையிலிருந்து 10 அடி உயரத்திலும் மரத்தண்டிலிருந்து 4 அடி தள்ளியும் தொங்கவிட வேண்டும், அல்லது கரடி திறக்க முடியாத பெட்டியில் பூட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. அங்கே முகாமில் இறைச்சியை வைத்துக்கொண்டு உறங்குவது வேறு வகையான வேட்டை. அதற்கு இன்னும் நான் துணியவில்லை.

செலவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சென்ற ஆண்டு மோட்டலுக்கு வரியோடு சேர்த்து ஓர் இரவுக்கு 128 டாலர் கொடுத்தேன். கூடாரம், அடுப்பு, கட்டில்கள் வாங்கிய பணம் நான்காவது பயணத்தில்தான் ஈடாயிற்று. வெளி மாநிலத்தவருக்கான எல்க் உரிமத்தின் விலையை நினைத்தால், தங்குமிடத்தில் சேமிக்கும் பணத்துக்காக ஒரு காலை வேட்டையை இழப்பது பொருந்தாத பேரம்.

மோட்டலில் தங்கும்போது துப்பாக்கியைப் பற்றிய கேள்வியை அறை பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும், ஏனெனில் சில இடங்களில் அறைக்குள் அனுமதிப்பதில்லை. ஓர் ஊரில் நள்ளிரவு சென்று சேர்ந்த பிறகுதான் அந்தத் தடையைச் சொன்னார்கள். துப்பாக்கியை இரவு முழுவதும் டிரக்கில் விட்டுவைக்க மனமில்லாமல் அடுத்த ஊர்வரை வண்டியோட்டினோம். வழியில் பல மாநிலங்களைக் கடப்பதால், 1986-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறபடி தோட்டா இல்லாமல், கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்துத்தான் கொண்டுசெல்கிறேன்.

இந்த அக்டோபரில் மீண்டும் கொலராடோ. என் நண்பருக்கு அறுபத்து மூன்று வயதாகிறது, முழங்கால் முன்பு போல் இல்லை. அவருக்காகவும் சேர்த்து இம்முறை இரண்டையும் கலந்து திட்டமிட்டிருக்கிறேன். முதல் இரவு ஏறக்குறைய 6,200 அடி உயரத்தில் உள்ள கிரெய்க் ஊரிலேயே தங்கி, சமவெளியிலிருந்து வரும் உடல் மெல்லிய காற்றுக்குச் சற்றுப் பழகிய பிறகு மேலே ஏறுவோம். ஐந்து இரவுகள் முகாமில். கடைசி இரவு மீண்டும் மோட்டல், அடுத்த நாள் ஆயிரம் மைல் பயணத்துக்கு முன் குளித்து, உறங்கி, கூலர்களை நிரப்பிக்கொள்வதற்காக. வேட்டைப் பருவத்தின் தொடக்க வாரத்தில் அந்த ஊரில் அறை கிடைப்பது கடினம் என்பதால் ஜூன் மாதமே தொலைபேசியில் அழைத்து இரண்டு இரவுகளையும் பதிவு செய்தேன். எடுத்துப் பேசிய பெண்மணியிடம் பனிக்கட்டி இயந்திரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். "இருக்கிறது. பின்பக்கக் கதவுக்கு நேராக வண்டியை நிறுத்திக்கொள்ளுங்கள், கூலரைத் தூக்க எளிதாக இருக்கும்" என்றார்.