ஃபெஞ்சல் புயல் வாரம், கோழிக்குஞ்சு ஷெட்

நவம்பர் 30, 2024
குஞ்சு இறங்கியாச்சு. ஷெட்டுக்குள் 33 டிகிரி. புயல் இன்று ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடக்குமாம். போச்சம்பள்ளியில் தூறல்தான்.

டிசம்பர் 1
விடாத மழை. ராத்திரி கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போட்டால் கேஸ் ஹீட்டர் நின்று எரிய மாட்டேன் என்கிறது. விசிறி சுற்றுகிறது, டிக்டிக்கென்று பொறி அடிக்கிறது, நீலமாகத் தீ பிடிக்கிறது, சில நொடியில் அணைந்துவிடுகிறது. அப்புறம் மறுபடி, மறுபடி. கடைசியில் பூட்டிக்கொண்டு சிவப்பு விளக்கை மும்மூன்றாக மின்னுகிறது. மூடிக்குள் ஒட்டியிருக்கிற தாளில் மூன்று மின்னலுக்கு அர்த்தம் ‘தீ தெரியவில்லை’. என் கண் முன்னால் எரிகிறதே!

டிசம்பர் 2
ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்ற வண்டிகளை வெள்ளம் இழுத்துப் போகிற வீடியோ வந்தது. அங்கே இருக்கும் தம்பி போனை எடுக்கவில்லை.

ஷெட் 27க்கு இறங்கிவிட்டது. குஞ்சுகள் படுதா ஓரமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் செத்துவிடும். விடிய விடியக் கலைத்துவிட்டோம். ஒன்றை எடுத்துக் காலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. அப்பா கரிச்சட்டி மூட்டினார். கரிப்புகை ஆளையே கொல்லும் என்று படுதாவை மேலே கொஞ்சம் திறந்துவைத்தேன். அந்த வழியாகக் குளிர் இறங்குகிறது. என்னதான் செய்வது?

குளிரில் சிலிண்டரில் ஆவி குறையும் என்று புதுசு மாட்டினேன். அதே மூன்று. சுடருக்குள் நீட்டியிருக்கும் கம்பியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். அதே மூன்று.

டிசம்பர் 3
காலையில் கரண்ட் வந்தது. ஹீட்டர் ஒரே தட்டில் பிடித்து நின்று எரிந்தது. மத்தியானம் கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டதும் மறுபடி மூன்று. அப்படியானால் வியாதி ஹீட்டரில் இல்லை.

தம்பி பேசினான். எல்லாரும் மாடியில் இருக்கிறார்களாம். அழுதுவிட்டேன்.

டிசம்பர் 4
எலக்ட்ரீஷியன் அண்ணன் இடுப்பளவு தண்ணீரைத் தாண்டி வந்தார். ஹீட்டரைத் தொடவேயில்லை, நேராக ஜெனரேட்டரிடம் போனார். சுடருக்குள் நீட்டியிருக்கும் அந்தக் கம்பியிலிருந்து தீ வழியாக மைக்ரோ ஆம்பியர் கணக்கில் கரண்ட் பாய்கிறதாம். அது பர்னர் உடம்பில் இறங்கி, எர்த் வழியே நியூட்ரலுக்குத் திரும்பினால்தான் ஹீட்டரை நடத்துகிற போர்டு தீ இருக்கிறது என்று நம்பும். லைன் கரண்டில் நியூட்ரல் டிரான்ஸ்பார்மரில் எர்த் ஆகியிருக்கிறது. எங்கள் ஜெனரேட்டரில் அது எதோடும் சேராமல் தனியே நிற்கிறது. திரும்ப வழியில்லை, அதனால் போர்டு கேஸை மூடிவிடுகிறது.

“தீ இருக்கான்னு போர்டு பாக்குறதையே பைபாஸ் பண்ணிடலாமான்னு ஒருத்தர் கேட்டாருண்ணா” என்றேன்.

“வேணாம் தம்பி. நெசமாவே தீ அணைஞ்சா கேஸ் ஷெட்டு முழுக்க நிக்கும்.”

டிசம்பர் 5
எர்த் கம்பி அடித்து, நியூட்ரலை ஜெனரேட்டர் உடம்போடும் எர்த்தோடும் சேர்த்தார். லைன் நியூட்ரலோடு கலக்கக் கூடாது என்று ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சும் போட்டார். நீலச் சுடர் அணையாமல் நின்று எரிந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், எழுந்து போக மனசு வரவில்லை.

டிசம்பர் 6
32 டிகிரி. குஞ்சுகள் பரவிப் படுத்திருக்கின்றன. பேட்டையில் இரண்டு ஷெட்காரர்களுக்கும் ஜெனரேட்டரில் இதே மூன்று மின்னலாம். அண்ணன் நம்பரைக் கொடுத்தேன். தம்பி வீட்டில் சேறு அள்ள ஆள் வேண்டும்.