பள்ளி நலக் கொள்கை: தாளில் இருப்பது மைதானத்துக்கு வர

"மாணவர்களின் உடல்நலம் ஊக்குவிக்கப்படும்" என்று எழுதி வைத்தால் எதுவும் நடக்காது. யார், எப்போது, எவ்வளவு நேரம் என்று இருக்க வேண்டும்.

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான உடலசைவு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் ஒரு பங்கையாவது பள்ளி ஏற்க வேண்டும். ஆனால் 40 நிமிட விளையாட்டு வகுப்பைக் கவனித்துப் பாருங்கள். வருகைப்பதிவு, வரிசை, விளக்கம் என்று கால் மணி நேரம் ஓடிவிடும். மிச்ச நேரத்தில் 40 பேருக்கு ஒரே பந்து. ஏழெட்டுப் பேர் ஓட, மற்றவர்கள் ஓரமாக நிற்பார்கள். ஐந்து பேருக்கு ஒரு பந்து என்று எட்டுக் குழுவாகப் பிரித்தால் அதே நேரத்தில் எல்லாரும் ஓடுவார்கள். பந்து வாங்கும் செலவைக் கொள்கையிலேயே சேர்த்துவிடுங்கள்.

வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளையின் விளையாட்டு நேரத்தைப் பறிப்பதை எழுத்திலேயே தடை செய்யுங்கள். அசைவு மிகவும் தேவைப்படும் பிள்ளைதான் பெரும்பாலும் அதில் மாட்டுகிறது. பரிசாக மிட்டாய் கொடுப்பதும் வேண்டாம், பென்சில் போதும்.

மதிய உணவுக்குத் தட்டோடு உட்கார்ந்த பிறகு குறைந்தது 20 நிமிடம் கொடுங்கள். வரிசையில் நிற்பது இதில் சேராது. நேரம் குறைந்தால் முதலில் மிச்சமாவது காய்கறிதான். சிறு வகுப்புகளுக்கு விளையாட்டை உணவுக்கு முன் வைத்தால், பாதியில் எழுந்து ஓடுவது குறையும். குடிநீர்க் குழாய் சாப்பிடும் இடத்திலேயே இருக்கட்டும்.

பொறுப்பாளர் ஒருவரை நியமித்து, பருவத்துக்கு ஒருமுறை அவரே கடிகாரத்தோடு வந்து நேரத்தை அளக்கட்டும்.