ஊதினால்தான் தெரிந்தது

வடசென்னைத் திருவொற்றியூரில் குடியிருப்பவனுக்கு இருமல் ஒரு நோயாகவே தோன்றாது. மணலி ஆலைகள் பக்கத்துக் காற்று, கன்டெய்னர் லாரிப் புழுதி என்று காரணம் கைவசம் இருக்கும். ராத்திரி படுத்தால் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. "சரி, ஊதிப் பார்த்துடலாம்" என்று ஸ்பைரோமெட்ரிக்கு, அதாவது ஊதும் காற்றின் அளவையும் வேகத்தையும் பார்க்கும் சோதனைக்கு, எழுதிக் கொடுத்தார்.

ஊசி, ரத்தம் எதுவும் கிடையாது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான். மூக்கில் கிளிப், வாயில் குழாய். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஒரே வேகத்தில் வெளியே தள்ளி, நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். "ஊதுங்கண்ணா, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இருக்கு!" என்று டெக்னீஷியன் பெண் விரட்டினார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எவ்வளவு ஊதினாலும் ஒரு லிட்டருக்கு மேல் காற்று நுரையீரலிலேயே தங்கிவிடுமாம். தங்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் காற்று நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். மூன்று ஊதல்கள் ஏறக்குறைய ஒத்துப்போகும்வரை விடமாட்டார்கள்.

மூச்சு உள்ளே போகாததுதான் என் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். ஏன் ஊதச் சொல்கிறார்கள் என்று கேட்டதற்கு டாக்டர் ஒரு தாளில் படம் போட்டார். பெரிய மூச்சுக்குழலைக் குருத்தெலும்பு வளையங்கள் தாங்கிப் பிடிக்கின்றன. அது இரண்டாகப் பிரிந்து, மறுபடி மறுபடி, சுமார் 23 முறை கிளை விடுகிறது. உள்ளே போகப்போகக் குருத்தெலும்பு இல்லை, சுற்றிலும் தசைதான். ஆஸ்துமாவில் அந்தத் தசை இறுகுகிறது, உள்சுவர் வீங்குகிறது, சளியும் சேர்கிறது. மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்கி நெஞ்சுக்கூடு விரிவதால் குழாய்களும் கொஞ்சம் அகலும். வெளியே விடும்போது குறுகும். காற்று மாட்டிக்கொள்வது அப்போதுதான், விசிலும் அங்கேதான். பழைய காற்று வெளியேறாவிட்டால் புதுசுக்கு இடம் ஏது?

அப்புறம் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமால் மருந்தைக் கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்து, திரும்ப ஊதச் சொன்னார்கள். முதல் ஒரு வினாடியில் வெளிவரும் காற்று 12 சதவீதமும், அளவில் 200 மில்லி லிட்டரும் கூடினால், சுருங்கிய குழாய் மருந்துக்குத் திறக்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதைத் தாண்டியே கூடியிருந்தது. ஆஸ்துமாதான்.

இன்ஹேலர் என்றதும் வீட்டில், "அது பழகிட்டா விட முடியாதே" என்றார்கள். டாக்டர் சொன்னது வேறு. மாத்திரை உடம்பு முழுக்கச் சுற்றி வரும். இன்ஹேலர் மருந்து நேராகக் குழாய்க்கே போகும், அளவும் மைக்ரோகிராம் கணக்குதான். இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே ஸ்பேசர் என்ற குடுவையை வைத்து மெதுவாக இழுத்து, பத்து வினாடி மூச்சை அடக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்தது என்பதால் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படியும். லாரி ரோட்டில் வண்டி ஓட்டும்போது என்-95 மாஸ்க் போடச் சொல்லியிருக்கிறார்கள். சென்னை வெயிலில் அதுதான் பெரிய தொல்லை.